பாமர்ஸ்டன் தீவுக்குப் படகில் போகிறவர்களுக்கு

நீங்கள் கேட்டது இது: நண்பரின் 38 அடி பாய்மரப் படகில் போரா போராவிலிருந்து டோங்கா போகிறீர்கள். வழியில் குக் தீவுகளைச் சேர்ந்த பாமர்ஸ்டனில் மூன்று நாள் நிற்க ஆசை. அங்கே போனால் ஒரு குடும்பம் நம்மைத் தன் வீட்டு விருந்தாளியாக எடுத்துக்கொண்டு சோறு போடும் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அது உண்மையா, முன்பின் தெரியாதவர் வீட்டில் சும்மா சாப்பிட்டுவிட்டு வருவது சரியா, என்ன கொண்டு போவது, மூன்று நாள் போதுமா?

உண்மைதான். நான் ஆக்லாந்தில் படகுகளுக்கு மின்வேலை செய்கிறவன். படகு ஓட்டிக்கொடுக்கும் ஆளாக இரண்டு முறை அந்த வழியில் போய், இரண்டு முறையும் பாமர்ஸ்டனில் இறங்கியிருக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் அந்தச் சங்கடம் நல்ல சங்கடம். அதை விட்டுவிடாமல் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே எப்படி நடந்துகொள்வது என்பதில் பாதியை அதுவே சொல்லிக்கொடுத்துவிடும்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். குக் தீவுகளின் முக்கியத் தீவான ரரோடோங்காவிலிருந்து வடமேற்கே சுமார் 500 கிலோமீட்டர். வட்டமான பவளத்திட்டு, நடுவில் பச்சை நீலத்தில் களப்பு (பவளம் சூழ்ந்த உள்நீர்), ஓரத்தில் மணல் தீவுகள். எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் நிலம் இரண்டு சதுர கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். அதில் ஒரே ஒரு தீவில்தான் மக்கள் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 60 பேர், அதற்குப் பிறகு எண்ணிக்கை ஏறவில்லை. விமானத்தளம் கிடையாது. ரரோடோங்காவிலிருந்து சரக்குக் கப்பல் ஆண்டுக்குச் சில முறைதான் வரும், அதுவும் நாள் குறித்து வராது. கடை என்று ஒன்று இல்லை. உங்கள் தட்டில் விழும் சோறும் மாவும் சர்க்கரையும் அந்தக் கப்பலில் வந்தவை, அடுத்த கப்பல் வரும்வரை தாங்க வேண்டியவை. மீனும் தேங்காயும் ஈரப்பலாவும் மட்டும்தான் அவர்களுடையது. சாப்பிட உட்காரும்போது இது மனதில் இருக்கட்டும்.

அங்கே இருக்கிறவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஒன்றே, மார்ஸ்டர்ஸ். 1863ஆம் ஆண்டு வில்லியம் மார்ஸ்டர்ஸ் என்ற ஆங்கிலேயர், கப்பல் தச்சர், பீப்பாய் செய்யத் தெரிந்தவர், அங்கே குடியேறினார். டஹீத்தியில் இருந்த ஜான் பிராண்டர் என்ற வணிகருக்காகத் தென்னை வைத்துக் கொப்பரை எடுப்பதுதான் வேலை. கூடவே, குக் தீவுகளிலேயே வடக்கே இருக்கும் பென்ரின் தீவிலிருந்து மனைவியும், மனைவியின் உறவுக்காரப் பெண்ணும் வந்தார்கள். அவரும் மனைவியானார், பிறகு மூன்றாவதாக இன்னொருவரும். மூன்று மனைவிகளுக்கும் பிறந்த பிள்ளைகளிலிருந்து மூன்று குடும்பங்கள். கிழவர் 1899இல் சாகும் முன் தீவை மூன்றாகப் பங்கு பிரித்துக் கொடுத்தார், ஒரே கிளைக்குள் கல்யாணம் கூடாது என்றும் விதித்தார். அந்தப் பங்கும் அந்த விதியும்தான் இன்றுவரை தீவின் அடித்தளம். நிலம் முழுவதும் 1954இல் குடும்பத்தின் பெயருக்கே வந்துவிட்டது. வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், ஆனால் நாம் திரைப்படத்தில் கேட்கும் ஆங்கிலம் இல்லை. நூறாண்டுக்கு முந்தைய ஊர்ப்புற ஆங்கிலத்தில் பாலினேசிய ராகம் ஏறியது போல இருக்கும். பழகிக்கொள்ள எனக்கு ஒரு நாள் பிடித்தது.

ஆங்கிலேயக் கடலோடி குக் கேப்டன் 1774இல் இந்தத் திட்டைப் பார்த்தார், 1777இல் திரும்ப வந்தபோது ஆட்களை இறக்கினார். கப்பலில் இருந்த கால்நடைக்குத் தீவனம் வேண்டியிருந்தது, அதற்காகத்தான். அப்போது அங்கே குடி யாரும் இல்லை.

இந்த வரலாற்றை நான் சும்மா சொல்லவில்லை. உங்களை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்கிறது என்றால் அந்த மூன்று குடும்பங்களில் ஒன்றின் விருந்தாளி ஆகிறீர்கள் என்று பொருள். முறை எளிது. படகு திட்டை நெருங்கும்போது படகு வானொலியில் (வி.எச்.எஃப்.) 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள். யாராவது பதில் சொல்வார்கள். அப்புறம் உள்ளிருந்து ஒரு அலுமினியப் படகு அலையைத் தாண்டி வெளியே வரும். யார் படகு முதலில் உங்களிடம் வந்து சேருகிறதோ அந்த வீடுதான் உங்கள் வீடு. படகைக் கட்டி நிறுத்தும் மிதவையைக் காட்டிக்கொடுப்பது, அதிகாரிகளைக் கூட்டி வருவது, தினமும் கரைக்குக் கொண்டுபோய்த் திரும்ப விடுவது, மதியச் சாப்பாடு, எல்லாம் அவர்கள் பொறுப்பு. பக்கத்து மிதவையில் நிற்கும் படகுக்கு வேறு வீடு விருந்து கொடுக்கும். தெருவில் பார்த்தால் எல்லோரும் பேசுவார்கள், திண்ணையில் உட்காரவும் கூப்பிடுவார்கள், தாராளமாக உட்காரலாம். ஆனால் வேறு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் உங்கள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நம் ஊரில் பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட்டு, சொல்லாமல் சித்தப்பா வீட்டில் சாப்பிட்டால் பெரியம்மா முகம் எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியும். அதேதான்.

இனி கடல் பக்கம். இதைச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே ஆபத்து முழுவதும் இங்கேதான்.

போரா போராவிலிருந்து பாமர்ஸ்டன் சுமார் 660 கடல் மைல். உங்கள் படகுக்கு ஐந்து நாள், காற்று சோம்பினால் ஆறு. கிளம்பும் முன் போரா போராவில் ஜாந்தார்மரி என்னும் பிரெஞ்சுக் காவல் அலுவலகத்தில் வெளியேறும் சீட்டு வாங்கிவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பிரெஞ்சு பாலினேசியா, குக் தீவுகள், டோங்கா மூன்றுக்கும் தனித்தனியாக நுழைவு விதியை மாதக்கணக்கில் முன்னாலேயே விசாரித்து எழுத்தில் வாங்கி வையுங்கள். பாமர்ஸ்டனில் நேரடியாக நுழையலாமா என்பதையும் குக் தீவுகளின் அலுவலகத்திடமே கேளுங்கள். போய்வந்த மாலுமிகள் சொல்வதை நம்பிப் போகாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விதிகள் மாறும்.

பெரிய படகு உள்ளே போக வாய்க்கால் கிடையாது. சின்னப் படகு நுழையும் அளவுக்கு இடுக்குகள்தான் உண்டு. ஆகையால் மேற்குப் பக்கத்தில் பாரின் (களப்பைச் சுற்றி நிற்கும் பவளப் பாறை வரம்பு) வெளியே, தீவுக்காரர்கள் போட்டிருக்கும் மிதவையில் கட்டி நிற்க வேண்டும். நங்கூரம் போடலாம் என்று நினைக்காதீர்கள். தரை பவளம், கொஞ்சம் வெளியே தள்ளினால் செங்குத்தாக ஆழம். நங்கூரம் பவளத்தை உடைக்கும், இல்லாவிட்டால் பிடிக்காமல் வழுக்கும்.

மிதவையில் கட்டிய படகுக்குப் பின்னால் ஆழ்கடல், முன்னால் ஒரு கல்லெறி தூரத்தில் அலை உடையும் பார். வழக்கமாக வீசும் தென்கிழக்குக் காற்று படகைப் பாரிலிருந்து வெளியே தள்ளிப் பிடித்திருக்கும், அதுவரை பயமில்லை. ஆனால் தெற்கே தாழ்வழுத்தம் கடந்துபோகும்போது காற்று கிழக்கிலிருந்து வடகிழக்கு, வடக்கு என்று சுற்றி மேற்குக்கு வரும். நம் கடற்கரையில் கச்சான் என்கிறோமே, அந்த மேற்குக் காற்று பாமர்ஸ்டனில் எழுந்தால் படகின் பின்பக்கம் பாரின் பக்கம் திரும்பிவிடும். கயிறு அறுந்தால் இஞ்சினைக் கிளப்பும் நேரம்கூட இருக்காது. ஆகையால் விதி ஒன்றுதான். காற்று வடக்கே திரும்பத் தொடங்கினாலே கிளம்புங்கள். சாப்பாடு தயாராகிறது, பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தோம் என்ற எதுவும் காரணம் இல்லை. உங்கள் வீட்டாரே முதலில் சொல்வார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வந்து சேர்ந்த அன்றே உங்களில் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீரில் குதித்து மிதவைச் சங்கிலியைக் கண்ணால் பாருங்கள். கட்டும் கயிறு இரண்டாக இருக்கட்டும், படகின் ஓரத்தில் உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டு ஒன்றை நுழைத்து விடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் பயணத்தில் ஒரே கயிறு. இரண்டாம் நாள் காலையில் கையால் தடவிப் பார்த்தபோது மூன்று முறுக்கில் ஒன்று அறுந்து பஞ்சாக நின்றது. இரவு முழுக்க நாங்கள் நான்கு பேரும் அந்த மிச்சம் இரண்டு முறுக்கில்தான் தூங்கியிருக்கிறோம். அன்றிலிருந்து எந்த ஊரில் மிதவையில் நின்றாலும் இரவு ஒரு முறை எழுந்து கயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நுழைவுச் சோதனை இன்னும் முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றிவிட்டுப் படகிலேயே காத்திருங்கள். அதிகாரிகள் தீவுக்காரர்களே, பயிர் நோய், சுகாதாரம், குடிநுழைவு எல்லாவற்றையும் படகிலேயே பார்த்து முடிப்பார்கள். புதிய பழம், காய், இறைச்சி, தேன் இவற்றைப் பற்றி அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். அவ்வளவு சின்னத் தீவில் ஒரு பூச்சி நுழைந்தால் தென்னையும் ஈரப்பலாவும் என்ன ஆகும்? கட்டணமும் உண்டு. நியூசிலாந்து டாலரில் சின்ன நோட்டாக வைத்திருங்கள், அங்கே பணம் மாற்ற வழி கிடையாது.

சரி, இப்போது கரை.

இடுக்கு வழியாக உள்ளே போவதே ஒரு அனுபவம். எங்களை ஏற்றிக்கொண்டு வந்த பெரியவர், அலை உடையும் இடத்துக்கு முன்னால் இஞ்சினைத் தணித்துவிட்டுப் பேசாமல் நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று அலை போகட்டும் என்று முதுகைத் திருப்பாமல் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரே இழுப்பு. இரண்டு பக்கமும் பழுப்பு நிறப் பவளம் கைக்கெட்டும் தூரத்தில் ஓடியது, அடுத்த நொடி கண்ணாடி போலத் தண்ணீர். உங்களுடைய ரப்பர்ப் படகில் நீங்களே போகலாம் என்று தோன்றும், வேண்டாம். அவர்கள் ஓட்டுவதுதான் முறை, பத்திரமும் அதுதான்.

கரையில் மணல் பாதை. தினமும் காலையில் பெருக்கிக் கோலம் போடாத குறையாக வைத்திருக்கிறார்கள். வில்லியம் மார்ஸ்டர்ஸ் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது. பாரில் மோதி உடைந்த கப்பல்களின் மரத்தை எடுத்துக் கட்டியது, ஒவ்வொரு உத்தரமும் ஒருவர் இடுப்பளவு பருமன். பல புயல்கள் தீவைக் கழுவிப் போயிருக்கின்றன, 1926 புயலைப் பற்றி இப்போதும் பேசுகிறார்கள். அந்த உத்தரத்தில் கை வைத்துப் பார்த்தேன். தச்சர் என்று பெயருக்குச் சொல்லவில்லை, கைவேலை தெரிந்த மனிதர்தான். பக்கத்திலேயே குடும்பக் கல்லறைகள். அங்கே போகும்போது வீட்டார் கூட வரட்டும், படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

மதியம் கிளிமீன். பச்சையும் நீலமுமாக, கிளி மூக்கு போல வாய் வைத்த பார் மீன். தீவின் முக்கிய வருமானமே இதை வெட்டி உறையவைத்து ரரோடோங்காவுக்கு அனுப்புவதுதான். துண்டு துண்டாக மாவில் புரட்டிப் பொரித்திருந்தார்கள், கூடச் சோறு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த ஈரப்பலா. நாங்கள் உட்கார்ந்து சாப்பிட, வீட்டார் நின்றுகொண்டு பரிமாறினார்கள். நாங்கள் முடித்த பிறகுதான் பிள்ளைகள் சாப்பிட வந்தார்கள். இதைக் கவனியுங்கள். அண்டாவில் இருப்பது வீட்டுக்கே உரியது, முதல் பங்கு உங்களுக்கு வருகிறது. அளவாக எடுத்துக்கொள்ளுங்கள், மறுசோறு கேட்கும் முன் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். தண்ணீர் முழுவதும் மழைத் தண்ணீர், கூரையிலிருந்து தொட்டிக்கு வருவது. குளித்துக்கொள்ளச் சொல்வார்கள், இரண்டு வாளியில் முடித்துவிடுங்கள்.

பங்கு பிரிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செந்நிற நீண்ட வால் உள்ள ஒரு கடற்பறவை அங்கே கூடு கட்டும், அதை அவர்கள் போசன் பறவை என்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை குஞ்சுகளைப் பிடித்து வந்து எண்ணி, தீவில் இருக்கும் தலைக்கணக்குப்படி எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். கைக்குழந்தைக்கும் ஒரு பங்கு உண்டு. பறவை பிடிப்பது நமக்கு ஒரு மாதிரி இருக்கலாம், ஆனால் அந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். இந்தச் சின்னத் தீவு பட்டினி இல்லாமல் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஓடியிருப்பது அந்தக் கணக்கினால்தான் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கணக்குக்குள் நீங்கள் வந்து உட்கார்ந்தால் நீங்களும் ஒரு தலை. ஆகவே உங்கள் கையிலும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

என்ன கொண்டு போவது? அரிசி, மாவு, சர்க்கரை, பால்பவுடர், சமையல் எண்ணெய், தேநீர், காப்பித்தூள். இவை எப்போதும் உதவும். முடிந்தால் பெட்ரோல். அவுட்போர்டு இஞ்சின் ஓடினால்தான் மீன், மீன் வந்தால்தான் வருமானம், உங்களைக் கரைக்கு ஏற்றி இறக்குவதும் அந்தப் பெட்ரோலில்தான். முதல் நாளே ஒரு கேன் கொடுத்துவிட்டால் உங்கள் மனம் லேசாகும். அப்புறம் சாதாரணச் சாமான்கள். நல்ல நைலான் கயிறு, தூண்டில் முள், நரம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு, சிலிக்கான் பசை, தையல் ஊசி நூல், படிக்கிற கண்ணாடி. பிள்ளைகளுக்கு மிட்டாய் மூட்டையை விட நோட்டும் வண்ணப் பென்சிலும் நல்லது. தீவில் சின்னப் பள்ளிக்கூடம் உண்டு, லக்கி ஸ்கூல் என்று பெயர், அங்கே ஆசிரியரிடம் கொடுங்கள். பழைய துணியைக் கட்டிக்கொண்டு போய் இறக்குகிறவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். நீங்களே உடுத்த மாட்டாத எதையும் விருந்து போட்டவர் கையில் வைக்கக் கூடாது. சாராயத்தைப் பற்றி வீட்டாரைக் கேட்காமல் எதுவும் வெளியே எடுக்காதீர்கள்.

சாமானை விடப் பெரியது கைவேலை. இரண்டாவது தடவை நான் கருவிப்பெட்டியோடு இறங்கினேன். 2015 வாக்கில் நியூசிலாந்து உதவியோடு அங்கே சூரிய மின்சாரம் வந்துவிட்டது, உறைபெட்டிகள் நாள் முழுக்க ஓடுகின்றன. எங்கள் வீட்டில் ஒன்று நின்று நின்று ஓடியது. கழற்றிப் பார்த்தால் உப்புக்காற்றில் ஒரு இணைப்பு முனை பச்சையாகப் பூத்துப் பொடியாகியிருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, புது முனை போட்டு, மேலே கிரீஸ் தடவி மூடினேன். இருபது நிமிட வேலை. உள்ளே இருந்தது கப்பலுக்காகக் காத்திருந்த மீன், மூட்டை மூட்டையாக. அந்த வீட்டு அம்மா பெட்டி உறுமத் தொடங்கியதும் கதவில் காதை வைத்துக் கேட்டார், பிறகு போய் அடுத்த வீட்டு அம்மாவைக் கூட்டி வந்தார். அன்று மாலைக்குள் நான் நான்கு பெட்டிகளைப் பார்த்துவிட்டேன். மனிதர்கள் முகம் கொடுத்துப் பேசியது அதற்குப் பிறகுதான். உங்களுக்கு மின்வேலை தெரிய வேண்டும் என்பதில்லை. இஞ்சின் தெரியுமா, பல் மருத்துவமா, கணினியா, முடி வெட்டத் தெரியுமா, எதுவானாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதுவும் தெரியாவிட்டால் தென்னை மட்டை பொறுக்கிப் போடவும் பாத்திரம் கழுவவும் கை இருக்கிறது. வேண்டாம் என்பார்கள். இரண்டாம் முறை கேட்டால் விடுவார்கள்.

நான் ஒரு நாள் சமைக்கவும் செய்தேன். படகில் புளி, மிளகாய்த்தூள், பெருங்காயம், கடுகு இருந்தது. தேங்காய் அங்கே கேட்கவே வேண்டாம். தேங்காய்ச் சோறும் கிளிமீன் குழம்பும். பாட்டி ஒருத்தர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டார், காரம் தாங்காமல். தேங்காய்ச் சோற்றை மட்டும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். தேங்காயைத் தாளித்துப் போடலாம் என்பது அவர்களுக்குப் புதிது. கடுகு மீதியை அங்கேயே கொடுத்துவிட்டு வரக் கேட்டார்கள். விதையாக முளைக்கும் பொருள் என்பதால் அதிகாரியிடம் காட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மாலையில் கைப்பந்து ஆடுவார்கள். கூப்பிட்டால் போங்கள், எவ்வளவு மோசமாக ஆடினாலும் பரவாயில்லை. இரவு படகுக்குத் திரும்பிய பிறகு ஜூலை முதல் அக்டோபர் வரை திமிங்கிலம் மூச்சு விடும் சத்தம் கேட்கும். கூனல் திமிங்கிலங்கள் பாரின் ஓரமாக வரும் காலம் அது. முதல் தடவை கேட்டபோது நண்பர் கேஸ் கசிகிறது என்று எழுந்து அடுப்பைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை தனி. அன்று வேலை இல்லை, மீன்பிடி இல்லை, நீச்சலும் வேண்டாம். தேவாலயத்துக்கு வரச் சொல்வார்கள். நம்பிக்கை எதுவானாலும் போங்கள். ஆண்கள் முழுக்கால் சட்டையும் காலர் வைத்த சட்டையும் போடுங்கள். பெண்கள் முழங்காலுக்குக் கீழே வரும் உடையும் தொப்பியும் போட வேண்டும், தொப்பி இல்லாவிட்டால் வீட்டிலேயே ஒன்று தருவார்கள். பாட்டுக்காகவே போகலாம். இசைக்கருவி கிடையாது. ஒரு பெண் குரல் எடுத்துக்கொடுக்கும், மற்றவர்கள் கீழும் மேலுமாக அடுக்கிக்கொண்டே போவார்கள், ஆண்கள் அடித்தொண்டையில் தாளம் போடுவார்கள். இருபது முப்பது பேர் பாடுவது என்று நம்பவே முடியாது.

மூன்று நாள் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் நாள் அதிகாரிகளோடும் களைப்போடும் போய்விடும். இரண்டாம் நாள் ஊரைப் பார்ப்பீர்கள், மூன்றாம் நாள்தான் பேசத் தொடங்குவார்கள். ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு ஞாயிறு வரட்டும். அதற்கு மேல் நின்றால் வீட்டின் அரிசிக்குப் பாரம் என்பது என் எண்ணம். அவர்கள் இரு இரு என்றுதான் சொல்வார்கள். கப்பல் வந்து அதிக நாள் ஆகியிருந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்புங்கள். அதை நேராகக் கேட்டுவிடலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பருவம் மே கடைசி முதல் அக்டோபர் வரை. நவம்பரில் புயல் காலம் தொடங்கிவிடும். அங்கிருந்து டோங்கா போகும் வழியில் இருக்கும் நியூவே தீவு சுமார் 390 கடல் மைல், அங்கேயும் துறைமுகம் இல்லை, மிதவைதான். பிறகு டோங்கா போகும்போது நாள்கோட்டைத் தாண்டுவதால் நாட்காட்டியில் ஒரு நாள் காணாமல் போகும், அங்கே அதிகாரிகளுக்கு வருகை நேரம் சொல்லும்போது நினைவிருக்கட்டும்.

கிளம்பும் நாளில் அலுமினியப் படகு கடைசியாக ஒரு தடவை உங்களைக் கொண்டுவந்து விடும். பெரும்பாலும் உறைந்த மீன் பொட்டலம் ஒன்று கையில் வைப்பார்கள். சில சமயம் வழியில் இருக்கும் உறவினருக்குக் கடிதமோ பொட்டலமோ தருவார்கள். மார்ஸ்டர்ஸ் வம்சம் ரரோடோங்காவிலும் நியூசிலாந்திலும் ஆயிரக்கணக்கில் பரவியிருக்கிறது, யாராவது எங்காவது இருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாங்குங்கள், போய்ச் சேரும் ஊரில் அதிகாரியிடம் காட்டுங்கள், மறக்காமல் உரியவர் கையில் சேருங்கள். மீனை நியூவே போய்ச் சேரும் முன் கடலிலேயே தின்று முடித்துவிடுங்கள். மிதவைக் கயிற்றை அவிழ்க்கும்போது பெரியவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் பாய் காற்றைப் பிடித்த பிறகுதான் படகைத் திருப்புவார்.